டெஸ்லின் ஆற்றில் தனி ஆளாக, செப்டம்பரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் யூகான் பகுதியில் ஓடும் டெஸ்லின் ஆற்றில் நான் இரண்டு முறை தனியாகக் கனூ (துடுப்பு போட்டு ஓட்டும் திறந்த சிறு படகு) ஓட்டிப் போயிருக்கிறேன். இரண்டும் இலையுதிர் காலத்தில்தான். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள், உறவினர்கள், அவர்கள் மூலமாக அறிமுகமானவர்கள் என்று பலர் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த ஆறு? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

யூகான் கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டி இருக்கிறது. அதன் தலைநகரம் வைட்ஹார்ஸ். அங்கிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலையில் தென்கிழக்காகச் சுமார் 130 கி.மீ. போனால் ஜான்சன்ஸ் கிராசிங் என்ற இடம் வரும். டெஸ்லின் ஏரி முடிந்து ஆறு தொடங்குவது அங்கேதான். நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் படகை இறக்கினால், ஆறு வடக்கு நோக்கி ஓடி ஹூட்டலின்க்வா என்ற கூடுதுறையில் யூகான் ஆற்றோடு சேர்கிறது. அப்புறம் யூகான் ஆற்றிலேயே தொடர்ந்து போய் கார்மக்ஸ் என்ற சிற்றூரில் கரையேறலாம். மொத்தம் ஏறக்குறைய 370 கி.மீ.

இவ்வளவு தூரத்திலும் ஒரு கடை கிடையாது, பாலம் கிடையாது. கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடலாம். கடைசிப் பகுதியில் மட்டும் கேம்ப்பெல் நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டி வரும்.

ஆனால் இதை ஆளில்லாத காடு என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. டெஸ்லின் டிலிங்கிட், வடக்கு டட்ச்சோன் முதலான பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, மீன் பிடித்து வாழும் நிலம் இது. கரையில் மரக்குடிசையோ மீன் உலர்த்தும் பந்தலோ தெரிந்தால் அது இன்னொருவர் வீட்டு முற்றம். அங்கே கூடாரம் போடாதீர்கள்.

வைட்ஹார்ஸிலிருந்தே கிளம்பலாமே? எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்?

ஆமாம், கோடையில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் அந்த வழியில் லபார்ஜ் ஏரியைக் கடக்க வேண்டும். 50 கி.மீ. நீளம், நீரோட்டம் இல்லை, இரு பக்கமும் மலை. காற்று கிளம்பினால் சிறிது நேரத்திலேயே அலை எழுந்துவிடும். இரண்டு பேர் துடுப்பு போட்டாலே திணறும் இடம் அது. ஒற்றை ஆளாக, குளிர்ந்த நீரில், இலையுதிர் காலக் காற்றில் அங்கே மாட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை. டெஸ்லின் வழியாகப் போனால் அந்த ஏரியே வராது. தனியாகப் போகிறவர்களுக்கு நான் இந்த ஆற்றைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு இழப்பும் உண்டு. லபார்ஜ் ஏரி முடிந்து ஹூட்டலின்க்வா வரை யூகான் ஆறு ஓடும் 48 கி.மீ. பகுதிக்குத் தர்ட்டி மைல் என்று பெயர். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். டெஸ்லின் வழியில் வந்தால் அதைப் பார்க்க முடியாது.

ஏன் செப்டம்பர்? கோடையில் போனால் சுலபம் இல்லையா?

சுலபம்தான். ஜூலையில் இருட்டே வராது, தண்ணீர் வேகமாக ஓடும். ஆனால் கொசு இருக்கும். வடக்கத்திக் கொசுவை நேரில் அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் முதல் உறைபனி விழுந்ததும் அது ஒழிந்துவிடுகிறது.

இன்னொன்று நிறம். செப்டம்பர் முதல் பாதியில் கரையோர ஆஸ்பன் மரங்கள் முழுக்க மஞ்சளாகிவிடும். மேலே மலைச்சரிவில் குட்டையான பிர்ச் புதர்கள் சிவந்திருக்கும். நடுநடுவே ஸ்ப்ரூஸ் மரங்கள் கரும்பச்சையாக நிற்கும். காலையில் தண்ணீரை விடக் காற்று குளிர்ந்திருப்பதால் ஆறு முழுக்கப் பனிமூட்டம் மூடியிருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏற ஏற அது கிழிந்து, முதலில் மலை உச்சி, பிறகு மஞ்சள் மரங்கள், கடைசியில் எதிர்க்கரை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் இரண்டாவது முறையும் போனேன்.

இரவு மறுபடி இரவாக இருக்கும் என்பதால் துருவ ஒளியும் கிடைக்கும். நீர்மட்டமும் இறங்கியிருக்கும். கூழாங்கல் திட்டுகள் வெளியே தெரியும், கூடாரம் போட இடத்துக்குப் பஞ்சம் இல்லை.

இதற்கெல்லாம் விலை, பகல் சுருங்குவது. மாதத் தொடக்கத்தில் 14 மணி நேரம் போல இருக்கும் பகல், நாளுக்கு ஐந்தாறு நிமிடம் குறைந்துகொண்டே வரும். ஒரு வாரத்தில் அரை மணிக்கு மேல் போய்விடும். பகலில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். செப்டம்பர் 20-க்குப் பிறகு ஆற்றில் இருக்கிற மாதிரி முதல் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கணக்கு எளிது. நீரோட்டமே மணிக்கு ஆறேழு கி.மீ. இழுத்துக்கொண்டு போகும். டெஸ்லினின் தொடக்கத்தில் மட்டும் ஓட்டம் மெதுவாக இருக்கும், அங்கே உழைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 40 கி.மீ. சிரமமில்லாமல் வரும். அப்படியானால் ஒன்பது, பத்து நாள். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு, பதினோராம் நாள் மாலைக்கு விமான டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நான் பத்து நாள் துடுப்புக்கு, நாலு நாள் சும்மா இருப்பதற்கு என்று பதினான்கு நாள் வைக்கிறேன். சாப்பாடு பதினாறு நாளுக்கு. அந்த நாலு நாள் காற்றுக்கு, மழைக்கு, காய்ச்சலுக்கு, சோர்வுக்கு. துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் களைத்தால் மற்றவர் இழுப்பார். தனியாக இருக்கும்போது உங்கள் களைப்பைத் தாங்க அந்த உபரி நாள்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது பயணத்தில் ஆறாம் நாள் காலை. இரவு கடுமையாக உறைந்திருந்தது. படகை ஆற்றில் இறக்கும்போது கூழாங்கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி படிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இடது கால் வழுக்கி, கணுக்கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் அரை மணியில் வீங்கி, பூட்ஸுக்குள் போக மறுத்தது. உட்கார்ந்து துடுப்பு போட்டிருக்கலாம்தான். ஆனால் கரையேறும்போது வேகமான ஓட்டத்தில் காலை ஊன்றிக் குதிக்க முடியாவிட்டால்? அங்கேயே மறுபடி கூடாரம் போட்டேன். இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தேன். கையில் நாள் இருந்ததால் எனக்குப் பதற்றம் வரவில்லை. மூன்றாம் நாள் கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பி, நாலாவது உபரி நாளைத் தொடாமலேயே கார்மக்ஸ் சேர்ந்தேன். அதே காலோடு, விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் அன்று காலையே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

நான் எவ்வளவு அனுபவசாலியாக இருக்க வேண்டும்?

ஆறு கடினமானது அல்ல. பெரிய பாறை அருவியோ கொந்தளிக்கும் நீரோ இந்த 370 கி.மீ.யில் கிடையாது. ரோரிங் புல் என்று பயமுறுத்தும் பெயரில் ஒரு இடம் டெஸ்லினில் இருக்கிறது, கொஞ்சம் அலை அவ்வளவுதான்.

ஆனால் ஆறு சுலபம் என்பதும் பயணம் சுலபம் என்பதும் ஒன்றல்ல. தனியாகப் போகும் முன் மூன்று காரியம் செய்திருக்க வேண்டும் என்பேன். துணையோடு குறைந்தது ஒரு வாரம் ஓடும் ஆற்றில் கனூ ஓட்டியிருக்க வேண்டும். உறைபனி விழும் இரவுகளில் தனியாகக் கூடாரத்தில் தூங்கிப் பழகியிருக்க வேண்டும். அப்புறம், உங்கள் ஊர் ஏரியில், கரைக்குப் பக்கத்தில், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேண்டுமென்றே கனூவைக் கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். சாமான் ஏற்றிய கனூவை ஆழத் தண்ணீரில் ஒற்றை ஆளாக நிமிர்த்தி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று கை சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, ஆற்றில் கவிழ்ந்துவிட்டால்?

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் மனித உடலை என்ன செய்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கோர்டன் கீஸ்பிரெக்ட். உறையும் நீரில் விழுந்தவர்களுக்கு அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கு அடங்காமல் இழுக்கும். அதை அடக்குவதுதான் அப்போதைய ஒரே வேலை. அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு மேல் விரல் மடங்காது, நீந்த முடியாது. ஆனால் உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம் போல ஆகும். அந்த ஒரு மணி நேரமும் தலை தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் உங்களுக்கு உண்டு. அதாவது லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால். கனூவுக்குள் காலடியில் கிடக்கும் லைஃப் ஜாக்கெட்டால் ஒரு பயனும் இல்லை. படகில் கால் வைக்கும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள், கரையில் இறங்கிய பிறகு கழற்றுங்கள்.

செப்டம்பர் டெஸ்லின் உறையும் நீர் அல்ல, அதை விடக் கொஞ்சம் மேல். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் நான் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்கிறேன். நடு ஆற்றில் போவதில்லை. ஆறு அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு, நீந்தினால் ஐந்து நிமிடத்தில் தொடும் தூரத்திலேயே போகிறேன். பொருள்கள் படகில் கட்டியிருக்கும். ஆனால் லைட்டர், விசில், கத்தி, செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி, ஒரு சாக்லேட் ஆகியவை என் ஜாக்கெட் பைகளில் இருக்கும். படகு போனாலும் இவை என்னோடு கரையேறும்.

கரையேறிய பின் முதல் வேலை தீ மூட்டுவதல்ல. ஈரத்தைக் கழற்றுவது, பிழிவது, உலர்ந்தது இருந்தால் போடுவது, கை காலை ஆட்டி உடம்பைச் சூடாக்குவது. விரல் வேலை செய்யத் தொடங்கியதும் தீ. பருத்தித் துணி மட்டும் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும். பண வசதி இருந்தால் ட்ரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடுப்பு, போடுங்கள். வாடகைக்குக் கிடைத்தாலும் எடுங்கள்.

இரண்டு பேர் கனூவை ஒருவர் எப்படி ஓட்டுவது?

வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இருவர் கனூக்கள், பதினாறு பதினேழு அடி நீளம். நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்தால் அணியம், அதாவது முன்முனை, வானத்தைப் பார்க்கும். காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். அதனால் படகை முன்பின்னாக மாற்றி, முன் இருக்கையில் பின்முனையைப் பார்த்து உட்காருங்கள், இனி அதுதான் அணியம். அந்த இருக்கை நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதால் எடை சமமாகும். சாமானின் பாதிக்கு மேல் உங்களுக்கு முன்னால் போகட்டும். எதிர்க்காற்று என்றால் அணியம் சற்றுக் கனமாக இருக்கட்டும். பின்னாலிருந்து காற்று என்றால் அமரத்தை, அதாவது பின்முனையை, சற்றுக் கனமாக்குங்கள். ஒரு தண்ணீர்ப் பையை முன்னும் பின்னும் தள்ளியே இதைச் செய்துவிடலாம்.

ஒரே பக்கம் துடுப்பு போட்டால் படகு மறுபக்கம் திரும்பும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பின் தட்டை வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளினால் நேராகும். காற்று நாளில் முழங்காலிட்டு உட்காருங்கள். அடியில் கெட்டியான ஸ்பாஞ்ச் மெத்தை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே முட்டி கெஞ்சும். மதியத்துக்கு மேல்தான் காற்று பலப்படும் என்பது என் அனுபவம். பனிமூட்டம் விலகியதும் கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் கரை பார்க்கத் தொடங்குவேன்.

இரட்டைத் தட்டுத் துடுப்பு வைத்திருப்பவர்களும் உண்டு. கைக்கு நல்லது, ஆனால் தண்ணீர் மடியில் சொட்டும். செப்டம்பரில் அது எனக்கு ஒத்துவரவில்லை.

ஆற்றில் வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

மரத்துக்கு. வளைவுகளின் வெளிப்பக்கத்தில் ஆறு கரையை அரித்துக்கொண்டே இருக்கும். வேர் கழன்ற ஸ்ப்ரூஸ் மரங்கள் தண்ணீருக்கு மேலே படுத்த மாதிரி சாய்ந்து கிடக்கும். ஓட்டம் உங்களை நேராக அங்கேதான் இழுத்துப் போகும். கிளைக்குள் மாட்டினால் தண்ணீர் போய்விடும், படகும் நீங்களும் போக முடியாது. வளைவு தெரிந்ததுமே உட்பக்கம் வாருங்கள். தீவுகளின் தலைப்பில் கட்டைகள் மலைபோலக் குவிந்திருக்கும். எந்தக் கால்வாயில் போவது என்று நூறு மீட்டருக்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் மனம் மாறாதீர்கள்.

கரை சேரும்போது படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொண்டு சேருங்கள். இறங்கியதும் முதலில் கயிறு. இரவில் படகை முழுதாக மேட்டுக்கு இழுத்து, கவிழ்த்துப் போட்டு, இரண்டு இடத்தில் மரத்தோடு கட்டுகிறேன். மேல்நிலத்தில் மழை பெய்தால் இரவோடு இரவாக நீர் ஏறும்.

கரடி?

இருக்கிறது, கறுப்புக் கரடியும் கிரிஸ்லியும். இரண்டு பயணத்திலும் மொத்தம் நாலு பார்த்தேன், எல்லாம் படகில் இருந்தபடி. செப்டம்பரில் அவை குளிர்கால உறக்கத்துக்குமுன் உடம்பைக் கொழுக்க வைக்கும் வேலையில் இருக்கும். பழப் புதரும் செத்த சால்மன் ஒதுங்கிய திட்டும் அவற்றின் பந்தி. கூடாரம் போடும் முன் திட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, புதிய தடமோ மீன் எலும்போ தெரிந்தால் மறுபேச்சில்லாமல் அடுத்த திட்டுக்குப் போய்விடுங்கள்.

கரடி ஸ்ப்ரே, அதாவது பாய வரும் கரடியின் முகத்தில் அடிக்கும் காரத் தெளிப்பான், இடுப்பில் இருக்க வேண்டும். அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அடுப்பு எரிவாயுவும் அப்படியே. இரண்டையும் வைட்ஹார்ஸில் வாங்குங்கள். சமைக்கும் இடம், சாப்பாட்டுப் பீப்பாய், தூங்கும் இடம் மூன்றும் நூறு மீட்டராவது தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

கரடியை விட மூஸிடம்தான் நான் அதிகம் எச்சரிக்கையாக இருக்கிறேன். குதிரையை விட உயரமான மான் அது. செப்டம்பர் நடுவில் இணைசேரும் காலம் தொடங்கும், ஆண் மூஸ் எதன்மீதும் பாயும் மனநிலையில் இருக்கும். அது வேட்டைக் காலமும்கூட. ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நம்மூர்ச் சாப்பாடு சரிப்படுமா?

நன்றாகவே சரிப்படும். குளிரில் உழைக்கும் உடம்புக்குக் கொழுப்பு வேண்டும், நெய்யை விட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. காலையில் வறுத்த ரவையில் உப்புமா. மதியம் தீ மூட்டுவதில்லை, வீட்டில் செய்த எள்ளுருண்டை, கடலைமிட்டாய், முறுக்கு. இரவு பயத்தம்பருப்பும் அரிசியும் மிளகும் போட்டுக் குழைந்த பொங்கல், மேலே நெய். பாதி வெந்த சோற்றை வீட்டிலேயே உலர்த்தி எடுத்துப் போனால் எரிபொருள் மிச்சமாகும். புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில் போதும், இரண்டு வாரத்துக்கும் கெடாது. எட்டாம் நாள் இரவு, மழையில், புளிச்சோறு தின்றது இன்னும் நாக்கில் இருக்கிறது.

கருவாடு கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம். அந்த வாசனை நமக்கு மட்டும் பிடித்தது அல்ல.

ஆற்று நீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. இரவில் அதைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். பேட்டரிகளுக்கும் இதுவே.

மீன் பிடிக்கலாமா?

உரிமம் வாங்கிக்கொண்டு பைக், கிரேலிங் என்ற மீன்களைப் பிடிக்கலாம். சினூக் சால்மனைத் தொடாதீர்கள். அலாஸ்காக் கடலோரத்திலிருந்து மூவாயிரம் கி.மீ. எதிர்நீச்சல் போட்டு இந்த நீருக்கு முட்டையிட வரும் மீன் அது. எண்ணிக்கை மிகவும் விழுந்துபோனதால் 2024-ல் கனடாவும் அலாஸ்காவும் ஏழு ஆண்டுக்கு அதன் பிடிப்பை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டன. அந்த மீனை நம்பியே வாழ்ந்த ஆற்றங்கரை மக்கள் அதைப் பிடிக்காமல் இருக்கிறார்கள். நாம் இரண்டு வாரம் பருப்பு சாப்பிடலாம்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

பொறுப்பான ஒருவரிடம், எழுத்தில். இரண்டு தேதி கொடுங்கள். ஒன்று, நீங்கள் கார்மக்ஸ் வந்து சேர நினைக்கும் நாள். மற்றது, அதுவரை உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய நாள். இரண்டுக்கும் நடுவே உங்கள் உபரி நாள்கள் இருக்க வேண்டும். தினமும் மாலை செயற்கைக்கோள் கருவியில் இருக்கும் இடத்தை அனுப்புவேன். ஆனால் ஒரு நாள் செய்தி வரவில்லை என்றால் பதற வேண்டாம், கருவியும் பழுதாகலாம் என்று முன்பே பேசிவைத்திருக்கிறேன். என் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. கணுக்கால் விஷயத்தைக்கூட, "கால் சுளுக்கு, இரண்டு நாள் ஓய்வு, சாப்பாடு இருக்கிறது" என்று அப்படியே அனுப்பினேன். மறைத்திருந்தால் அடுத்த முறை நான் நலம் என்று அனுப்பும்போது அவர் நம்பியிருக்க மாட்டார்.

தனியாக இருக்கப் பயமாக இல்லையா?

முதல் மூன்று இரவு பயமாக இருந்தது. நீர்நாய் என்று முதலில் நினைத்து, பிறகு பீவர் என்று தெரிந்துகொண்ட விலங்கு ஒன்று, இருட்டும் நேரத்தில் வாலால் தண்ணீரை ஓங்கி அறையும். யாரோ பெரிய கல்லைத் தூக்கிப் போட்டதுபோல இருக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தேன். நாலாம் நாள் அந்தச் சத்தம் கேட்டதும், பீவர் வந்துவிட்டது, இனிக் கூடாரத்துக்குள் போகலாம் என்று தோன்றியது. பயம் எந்த நேரத்தில் கழன்றது என்று தெரியவில்லை.

கடினமானது பயம் அல்ல, இரவின் நீளம். செப்டம்பர் நடுவில் எட்டு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். குளிரில் வெளியே இருக்க முடியாது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரு சின்னக் கூடாரத்தில் உங்களோடு நீங்கள். ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைத்த நினைவெல்லாம் வரும். என் அப்பா இறந்து நாலு வருடத்துக்குப் பிறகு, ஹூட்டலின்க்வாவுக்கு மேலே ஒரு திட்டில்தான் அவருக்காக முழுதாக அழுதேன். அங்கே யாரும் கேட்கவில்லை, யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் பனிமூட்டத்துக்குள் வாத்துக் கூட்டம் தெற்கே போகும் சத்தம் மட்டும் கேட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மனச்சோர்வில் இருக்கும்போது இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். ஆறு மருந்து அல்ல. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிடும் காலத்தில் போங்கள். நான் சத்தமாகப் பேசிக்கொள்வேன், தெரிந்த தேவாரங்களைப் பாடுவேன். அது கரடிக்கும் நான் இருப்பதைச் சொல்லிவிடும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஹூட்டலின்க்வாவில் ஒரு நாள் தங்குங்கள். டெஸ்லினும் யூகானும் கலக்கும் இடத்தில் இரண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். 1896-ல் கிளோண்டைக் பகுதியில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கானோர் கையால் செய்த படகுகளில் இந்தக் கூடுதுறையைக் கடந்து அங்கிருந்த டாசன் என்ற ஊருக்குப் போனார்கள். கொஞ்சம் கீழே ஷிப்யார்ட் தீவில் மரங்களுக்கு நடுவே ஈவ்லின் என்ற நீராவிக் கப்பல் கரையேற்றப்பட்டபடியே நிற்கிறது. பின்னால் சக்கரம் சுழன்று ஓடிய மரக் கப்பல். ஸ்ப்ரூஸ் மரங்கள் அதற்கு மேலே வளர்ந்துவிட்டன. உள்ளே ஏறாதீர்கள், பலகைகள் மக்கியிருக்கின்றன. இந்தக் கூடுதுறைப் பக்கத்தில்தான் 1936-ல் கிளோண்டைக் என்றே பெயர் வைத்த முதலாவது கப்பலும் உடைந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் கட்டிய கப்பலை வைட்ஹார்ஸில் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம், கார்மக்ஸை நெருங்கும்போது அரித்த கரைகளைப் பாருங்கள். மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைக் கோடு கூடவே வரும். அது எரிமலைச் சாம்பல். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா எல்லையருகே வெடித்த எரிமலை தூவியது. தஞ்சைப் பெரிய கோயில் கட்டப்படுவதற்கு முன் விழுந்த சாம்பல் என்று நினைத்தபடி, கையெட்டும் தூரத்தில் அதை உரசிக்கொண்டு போனேன்.

கார்மக்ஸோடு நிறுத்தாமல் டாசன் வரை போகலாமா?

இன்னும் 400 கி.மீ. ஆகும். கார்மக்ஸைத் தாண்டினால் ஃபைவ் ஃபிங்கர் பாறைகள், ஆறு அங்கே பாறைத் தூண்களுக்கு நடுவே பிரிந்து பாயும். வலது ஓரக் கால்வாயில்தான் போக வேண்டும், அங்கேயும் அலை படகுக்குள் ஏறும். கோடையில், துணையோடு, தாராளமாகப் போங்கள். முதல் தனிப்பயணத்தில், செப்டம்பர் பாதி கடந்த பிறகு, என் பதில் வேண்டாம் என்பதே.

திரும்பி வருவது எப்படி?

கார்மக்ஸிலிருந்து வைட்ஹார்ஸுக்குச் சாலைவழி 180 கி.மீ. போல. கனூ வாடகைக்கு விடுபவர்கள் ஜான்சன்ஸ் கிராசிங்கில் இறக்கிவிடவும், கார்மக்ஸில் வந்து ஏற்றிக்கொள்ளவும் வண்டி ஏற்பாடு செய்வார்கள். செப்டம்பரில் அவர்களில் சிலர் கடையை மூடத் தொடங்கிவிடுவார்கள், அதனால் பல மாதங்களுக்கு முன்பே பேசி முடியுங்கள். ஏற்றிக்கொள்ளும் நாளைக் குறிக்காமல், கார்மக்ஸ் வந்ததும் நான் கூப்பிடுகிறேன், அடுத்த நாள் வந்தால் போதும் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.